சேனை வைத்த விரல்

அன்புள்ள மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் முதல் வார்த்தையே பொய்யாகிவிடும். எனக்கு இரண்டு நாளாகச் சளி பிடித்திருக்கிறது. கொஞ்சம் இருமலும் உண்டு. காய்ச்சல் இல்லை, சாப்பாடு இறங்குகிறது. உன் அம்மாவுக்கு இன்னும் ஒட்டவில்லை. வீட்டில் யாருக்குச் சளி இருக்கிறது என்பதைக் கடிதத்தின் தலையிலேயே எழுதுகிற தகப்பனை நீ எங்கேயும் பார்த்திருக்க மாட்டாய். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு அன்றைக்கே இப்படிப் பட்டென்று பதில் சொல்லியிருந்தால், இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

போனில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். சொல்லத்தான் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிட்டு ஓசூரில் குளிர் எப்படி, கம்பெனியில் ஷிப்டு மாறிவிட்டதா, மெஸ்ஸில் என்ன போடுகிறார்கள் என்று ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில் "சரி, வச்சிருதேன்" என்று வைத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸுக்குள் தொண்டை கிழியக் கத்திய வாய்க்குச் சொந்த மகனிடம் ஒரு வரி சொல்ல வரவில்லை. எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. நடுவில் புகுந்து "விடுங்கப்பா" என்று நீ சொல்ல முடியாது.

போன வெள்ளிக்கிழமை மருமகள் வந்திருந்தாள். பிரசவத்துக்குப் பாளையங்கோட்டையில் அவள் அம்மா வீட்டுக்கு வந்ததிலிருந்து வாரம் ஒரு தடவை ஆட்டோ பிடித்து எங்களை வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். உன் அம்மா அவளுக்காக உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் பேரனா பேத்தியா என்று வழக்கம்போல அவளைச் சீண்டிக்கொண்டிருந்தேன். வழக்கமாகச் சிரிக்கிற பெண், அன்றைக்குச் சிரிக்கவில்லை. "மாமா, அவிய பிள்ளையத் தூக்க மாட்டாவளாம். வாசல்ல நின்னு பாத்துட்டு ஓசூருக்கே போயிருவாவளாம். ஆறு மாசம் கழிச்சுத்தான் கிட்ட வருவாவளாம்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "என் தங்கச்சிய நான்தான் முத்தங்குடுத்துக் கொன்னேன், அப்பிடிங்காவ மாமா."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. உன் அம்மா திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அங்கே ஒரு வேலையும் இல்லை. சும்மா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நின்றேன்.

மகனே, அது நீ இல்லை. அது நான். இந்த இரண்டு வரியைச் சொல்ல எனக்கு இருபத்தேழு வருஷம் ஆகியிருக்கிறது. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று நாமெல்லாம் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். நம் வீட்டில் பாவம் அப்பனிடம் இருந்தது, பழி ஆறு வயதுப் பிள்ளையிடம் இருந்தது. அது எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். நீ பொறுமையாகப் படி.

அப்போது நான் திருநெல்வேலி சாத்தான்குளம் வண்டியில் கண்டக்டர். ஐப்பசி மாசம், அடைமழை. ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டு உள்ளே எண்பது பேர் நின்றால் பஸ்ஸுக்குள் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பாதிப் பேர் இருமுவார்கள், மீதிப் பேர் தும்முவார்கள். கருப்பட்டிப் பெட்டிக்கு மேல் உட்கார்ந்துகொண்டு மூக்கைச் சிந்துகிற ஆளிடமும் டிக்கெட் போட்டுத்தான் ஆக வேண்டும். இந்தக் காலத்து மெஷின் அன்றைக்குக் கிடையாது. கட்டுக் கட்டாகக் காகித டிக்கெட். மெல்லிய தாள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டுத்தான் கிழிக்க வேண்டும். ஒரு டிரிப்புக்கு நூறு தடவையாவது விரல் நாக்குக்குப் போய்வரும். வீட்டில் பேப்பர் புரட்டினாலும் அப்படித்தான், ரேஷன் கார்டைத் திறந்தாலும் அப்படித்தான். சாப்பாட்டு இலையைப் பிரிக்கும்போதுகூட நாக்கைத் தொடுகிறேன் என்று உன் அம்மா கேலி செய்வாள். அது பழக்கம். எனக்கே தெரியாமல் நடக்கும்.

அந்தத் திங்கட்கிழமை எனக்குச் சளி பிடித்தது. செவ்வாய்க்கிழமை தொண்டை கட்டி விசில் மட்டும்தான் ஊத முடிந்தது. இந்தக் கிழமையெல்லாம் எனக்கு மறக்காது. மனதுக்குள் ஒரு டிரிப் ஷீட் போட்டு வைத்திருக்கிறேன், அதில் ஒரு வரிகூட அழியவில்லை. வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் உன் தங்கச்சி பிறந்தாள். அதுவரைக்கும் உனக்குச் சளி இல்லை. உன் மூக்கு ஒழுக ஆரம்பித்தது சனிக்கிழமை. இந்த வரிசையை மட்டும் நீ மனதில் வைத்துக்கொள். முதலில் நான், அப்புறம்தான் நீ.

பிறந்த பிள்ளைக்கு நம் பக்கத்தில் சேனை வைப்பது உனக்குத் தெரியும். குடும்பத்தில் நல்ல குணமுள்ளவர் ஒருவர் சீனித் தண்ணீரை விரலில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைப்பார். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் அந்தப் பிள்ளைக்கு வரும். உனக்கு வைத்தது உன் அம்மாவைப் பெற்ற தாத்தா. தங்கச்சிக்கு வைக்கக் களக்காட்டிலிருந்து உன் அத்தை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள், இடுப்பில் சீனிப் பொட்டலம், பையில் வெள்ளிக் கிண்ணம். நர்ஸம்மா பார்த்துவிட்டுத் தாய்ப்பாலைத் தவிர எதையும் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். அத்தை நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, நர்ஸம்மா அந்தப் பக்கம் போனதும் கிண்ணத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். "ஏலே, பஸ்ஸுல எவன் எத விட்டுட்டுப் போனாலும் டிப்போவுல கொண்டு ஒப்படைக்கவன் நீ. நம்ம வம்சத்துலயே ஒன்ன மாதிரி உண்மையான ஆளு கெடையாது. நீயே வையி" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதுவும் ஒரு குற்றம்தான், சேர்த்து எழுதிக்கொள். கிண்ணத்தை இடது கையில் வாங்கினேன். வலது கையின் ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டேன். பிறகு சீனித் தண்ணீரில் முக்கி உன் தங்கச்சியின் நாக்கில் வைத்தேன். அவள் சப்பினாள். அவ்வளவு சின்ன வாய்க்கு அவ்வளவு பலமா என்று ஆச்சரியமாக இருந்தது. விரல் நாக்கைத் தொட்டதை அத்தை கவனிக்கவில்லை, உன் அம்மா அரைக் கண்ணில் மயங்கிக் கிடந்தாள். நான் கவனித்தேன். தொட்ட அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்தது. போய்க் கழுவிவிட்டு வரலாம் என்று ஒரு எண்ணமும் வந்தது. சகுனத்தடையாக ஏதாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். வெறும் சளிதானே என்றும் நினைத்தேன். பிறகு நெற்றியில் ஒரு முத்தமும் கொடுத்தேன். இருமல் வந்தது, தோள்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெரிய மரியாதைக்காரன் அல்லவா.

நீ தங்கச்சியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரமாகத் தலையணையை மடியில் வைத்துத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தாய். மூக்கு ஒழுகுகிறது, கிட்டப் போகாதே என்று அம்மா சொன்னாள். நீ கட்டிலின் கால்மாட்டில் நின்று, துணிக்கு வெளியே தெரிந்த பாதத்தில் ஒரே ஒரு முத்தம் கொடுத்தாய். பாதத்தில். முகத்தில்கூட இல்லை. எல்லாரும் சிரித்தோம். அத்தை உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை, பிறந்து ஏழாம் நாள், வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, பிள்ளை பால் குடிக்கவில்லை. இரண்டு வாய் இழுத்துவிட்டு விட்டுவிடுகிறாள், மூச்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று அம்மா சொன்னாள். நான் டூட்டிக்குப் புறப்பட்டுச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. "காய்ச்சலே இல்லியே. வெறும் சளிதான். நான் மத்தியானம் வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அன்றைக்கு மூலைக்கரைப்பட்டியில் வண்டியை நிறுத்தி ஆள் எண்ணினேன். முன்வாசலிலிருந்து பின்வாசல் வரைக்கும் தலையைத் தலையாக எண்ணி அறுபத்தெட்டு என்று எழுதினேன். ஊரார் தலையை எல்லாம் எண்ணத் தெரிந்தவனுக்குச் சொந்தப் பிள்ளையின் மூச்சை எண்ண வேண்டும் என்று தெரியவில்லை. பச்சைப் பிள்ளைக்கு ஒரு நிமிஷத்தில் அறுபது மூச்சுக்கு மேல் போனால், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தால், பால் குடிக்காவிட்டால், காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. பச்சைப் பிள்ளைகளுக்குச் சில நேரம் காய்ச்சலே வராதாம், இருமக்கூடத் தெம்பு இருக்காதாம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பின்னால்தான். நான் திரும்பி வந்தபோது மணி இரண்டு. அம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்றது மாதிரி இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் குழந்தைகள் டாக்டரம்மா எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். நல்ல மனுஷி, நின்று நிதானமாகச் சொன்னார்கள். இது வைரஸால் வந்த நிமோனியா. பெரியவர்களுக்கு மூக்கு ஒழுகலோடு போகிற அதே கிருமி, பிறந்த பிள்ளையின் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதைக் கொல்ல ஊசி கிடையாது. இப்போது போடுகிற ஆன்டிபயாடிக், வேறு கிருமியும் கூடச் சேர்ந்திருந்தால் அதற்குத்தான். ஆக்ஸிஜன் கொடுத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், பிள்ளைதான் போராடி மீள வேண்டும் என்றார்கள். பிறகு குறிப்புச் சீட்டை எடுத்துக்கொண்டு கேட்டார்கள். "வீட்ல யாருக்காவது சளி இருந்துச்சா?"

அந்த வராந்தாவில் யார் யார் நின்றோம் என்று சொல்கிறேன். நான், அத்தை, நீ. பள்ளிக்கூடம் லீவு, வீட்டில் விட ஆள் இல்லாமல் உன்னையும் அழைத்து வந்திருந்தோம். நீ என் காக்கிச் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அத்தை முந்திக்கொண்டு, "இவனுக்குத்தான் டாக்டரம்மா மூக்கு ஒழுகுச்சு. சொல்லச் சொல்லக் கேக்காம பிள்ளைக்கு முத்தங்குடுத்துட்டான்" என்றாள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டாக்டரம்மா என்னையும் பார்த்தார்கள். வேறு யாருக்கும் இல்லையா என்று கேட்கிற பார்வை. எனக்கு எல்லாம் கண்முன்னால் வந்தது, கிண்ணம், விரல், நாக்கு. பக்கத்தில் அக்கா நிற்கிறாள், வம்சத்திலேயே உண்மையான ஆள் என்று சொன்ன அக்கா. நான் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரம்மா எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். சட்டை நுனியில் இருந்த பிடி விட்டுப்போனது. குனிந்து பார்த்தேன். நீ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாய்.

அந்த நிமிஷம் உன்னைத் தூக்கி, "நீ இல்லலே, நான்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் மருந்தில் ஒன்றும் மாறியிருக்காது, உன் தங்கச்சி பிழைத்திருக்கவும் மாட்டாள். ஆனால் ஒரு பிள்ளை போனதோடு முடிந்திருக்கும். இன்னொரு பிள்ளையையும் நான் அந்த வராந்தாவிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் போய்விட்டாள். பன்னிரண்டு நாள் பிள்ளை. பதினாறாம் நாள் பேர் வைக்க இருந்தோம், கோமதி என்று முடிவு செய்திருந்தோம். ஆற்றில் வெள்ளம், கரைப்பக்கம் போக முடியாமல் மேட்டில்தான் அடக்கம் செய்தோம். பேர் வைக்காத பிள்ளையைப் பேர் சொல்லி அழக்கூட முடியாது மகனே. உன் அம்மா "பிள்ளே, பிள்ளே" என்றுதான் அழுதாள். அந்த அழுகைக்கு நடுவில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "ஒன்ன யாருல முத்தங்குடுக்கச் சொன்னா?" என்று உன்னைக் கேட்டுவிட்டாள். அதை அவள் மறந்துவிட்டாள். நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அன்றைக்குப் பிறகு நீ யாருக்கும் முத்தம் கொடுத்து நான் பார்க்கவில்லை.

நான் பார்த்ததையெல்லாம் சொல்லட்டுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் அந்தச் சோற்றை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். நீ ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கை கழுவினாய், விரலிடுக்கெல்லாம் வெடித்துப் போனது. அத்தை தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். மூக்கடைத்தால் நீயாகவே கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறாய் என்று மூன்றாம் வகுப்பு வாத்தியார் சொன்னார், பொறுப்பான பிள்ளை என்று மெச்சினார். நானும் ஆமாம் என்றேன். உன் கல்யாணத்தில் பாலும் பழமும் கொடுக்கும்போது நீ குடித்த தம்ளரை மருமகளிடம் கொடுக்க மாட்டேன் என்றாயே, இரண்டு தும்மல் வந்ததற்காக. வேறு தம்ளர் கொண்டுவரச் சொன்னாய். மண்டபமே சிரித்தது, மாப்பிள்ளைக்கு வெட்கம் என்றார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

அப்புறம் கொரோனா. எச்சில் தொட்டு டிக்கெட் கொடுக்கக் கூடாது என்று டிப்போவில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். பக்கத்தில் நின்றவர்கள், "அண்ணாச்சி, இனி உம்ம கத கந்தல்தான் வே" என்று என்னைக் கிண்டல் செய்தார்கள். அடுத்த வருஷம் எனக்கே நிமோனியா வந்து ஒன்பது நாள் ஆக்ஸிஜனில் கிடந்தேன். நர்ஸ் பிள்ளை வந்து ஒரு கிளிப்பை விரலில் மாட்டினாள், இரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டுமே, அது. மாட்டியது அதே ஆட்காட்டி விரலில். எண் எண்பத்தேழு என்று காட்டியது. மூச்சு கிடைக்காமல் கிடப்பது என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தண்ணீருக்குள் முக்கிப் பிடித்த மாதிரி இருக்கும், கையைத் தூக்கித் தண்ணீர் கேட்கக்கூடத் தெம்பு இருக்காது. ஐம்பத்தாறு வயது ஆம்பிளை நானே அழுதேன். ஏழு நாள் பிள்ளை என்ன செய்திருப்பாள்? பால் குடிப்பதை நிறுத்தினாள். அவளுக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான், அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் வெறும் சளி என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனேன்.

நீ எங்கெங்கோ அலைந்து ஊரடங்குப் பாஸ் வாங்கி ஓசூரிலிருந்து வந்து வார்டு ஜன்னலுக்கு வெளியே நின்றாய். போனில் நீ என்னிடம் முதலில் கேட்டது எப்படி இருக்கிறீர்கள் என்று இல்லை. "எப்பா, நான் போன மாசம் வந்துட்டுப் போனேன்லா. எங்கிட்டருந்து வந்துருக்குமோ?" என்று கேட்டாய். நீ வந்துபோய் இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, ஆறு வயதில் நின்ற மாதிரியே நின்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மூக்கில் குழாய் இருக்கிறது, பேச முடியவில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். குழாய் எடுத்த பிறகும் பேச முடியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் முன்னால் அந்த வார்டு டாக்டரிடம் நான் நடந்ததைச் சொன்னேன். முன்பின் தெரியாத ஆளிடம் சொல்ல வந்தது, பார். அவர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகக் கேட்டார். விரலால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது, மூச்சுக் காற்றிலும் போயிருக்கலாம், கையிலும் போயிருக்கலாம், வார்டில் வேறு யாரிடமிருந்தும் வந்திருக்கலாம் என்றார். பாதத்தில் முத்தம் கொடுத்த பிள்ளையாலும் வந்திருக்கலாமா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் உங்கள் வரிசைப்படி பார்த்தால் அந்தப் பிள்ளைக்கும் உங்களிடமிருந்துதானே வந்திருக்கிறது என்றார். அதை நான் உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன். இனிமேல் ஒன்றை மறைத்து ஒன்றைச் சொல்கிற வேலை வேண்டாம். எந்த வழியில் போயிருந்தாலும் அது புறப்பட்ட இடம் நான். ஒருவேளை உன் வழியாகவே போயிருந்தாலும், தங்கச்சிக்கு முத்தம் கொடுத்த ஆறு வயதுப் பிள்ளை எந்தக் கோர்ட்டிலும் குற்றவாளி இல்லை. தெரிந்து தொட்டவனும், தெரிந்து வாயை மூடிக்கொண்டவனும் வேறு ஆள்.

வெள்ளிக்கிழமை மருமகள் போன பிறகு மறுநாள் காலையில் உன் அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். விரலை நாக்கில் தொட்டதிலிருந்து வராந்தா வரைக்கும். அவள் கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். "எனக்குச் சொன்னது கெடக்கட்டும். அவன்ட்ட சொன்னியளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குப் பிறகு இன்று வரைக்கும், ஆறாவது நாள், அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைக்கிறாள், வெந்நீர் போட்டுத் தருகிறாள், சளிக்குக் கற்பூரவல்லி கொதிக்கவைத்து மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். பேச்சு மட்டும் இல்லை. எனக்கு இது வேண்டும்தான். நான் வைத்திருந்த மௌனத்துக்கு முன்னால் ஆறு நாள் எம்மாத்திரம்.

நீயும் கோபப்படு. சண்டை போடு, பேசாமல் இரு, எதுவானாலும் சரி. மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உடனே "விடுங்கப்பா" என்று நீ என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய், அந்த வேலையையும் உன் தலையில் கட்ட எனக்கு மனசில்லை. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு என்னைப் பிள்ளை பக்கமே சேர்க்கக் கூடாது என்று உனக்குத் தோன்றினால் அதுவும் நியாயம்தான். ஆனால் என் மேல் வருகிற கோபத்தை உன் கையின் மேல் காட்டாதே. அந்தக் கை ஒரு தப்பும் செய்யவில்லை.

மருமகளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என்னைச் சேனை வைக்கச் சொல்லி அவள் அப்பா வேறு போன வாரம் கேட்டார், ரிட்டயர்டு கண்டக்டர், நேர்மையான மனுஷன் என்று. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் பிள்ளைக்கு யாருடைய குணமும் விரல் வழியாக வர வேண்டியதில்லை, அம்மா பால் போதும். நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான், அதில் பாதி உனக்கு ஏற்கெனவே அளவுக்கு மேலேயே பழக்கம். சோப்புப் போட்டுக் கையைக் கழுவு, ஒரு தடவை கழுவினால் போதும், தோல் வெடிக்கிற வரைக்கும் வேண்டாம். உனக்குச் சளி இருந்தால் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு தள்ளி இரு, சளி போனதும் கிட்டப் போ. ஆறு மாசம் வாசலில் நிற்பது ஜாக்கிரதை இல்லை, தண்டனை. வருகிறவர் போகிறவரெல்லாம் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்ச விடாதே, மாமனாரானாலும் சரி, அத்தையானாலும் சரி. என்ன தடுப்பூசி எப்போது என்று டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிடு, எனக்கும் அம்மாவுக்கும் போட வேண்டியதையும் கேட்டுச் சொல். பிள்ளை பால் குடிக்காவிட்டால் என்னிடம் யோசனை கேட்காதே, ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டரைத் தவிர வேறு யார் வெறும் சளிதான் என்று சொன்னாலும் நம்பாதே.

பிள்ளை பிறக்கும்போது எனக்கு இந்த இருமல் போயிருந்தால், நீ கூப்பிட்டால், வருவேன். போகாவிட்டால் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டால் எனக்குச் சளி என்று சொல்வேன். அத்தை களக்காட்டிலிருந்து வருவாள், அவளிடமும் அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். வாசலில் நிற்க வேண்டிய ஆள் நான். அந்த இடத்தில் இத்தனை வருஷமாக உன்னை நிறுத்தி வைத்திருந்தேன்.

வீட்டில் யாருக்காவது சளி இருந்ததா என்று அந்த டாக்டரம்மா கேட்டார்கள். எனக்கு இருந்தது, மகனே. எனக்குத்தான் முதலில் இருந்தது.

நீ உள்ளே போ. போய் உன் பிள்ளையைத் தூக்கு.

என் சட்டையைப் பிடித்திருந்த உன் கையை அன்று தவறவிட்ட,
அப்பா